ஜெபசிங்கின் இரண்டாவது வரி

பத்து மணிக்குத்தான் கூட்டம். ஜெபசிங் ஒன்பதுக்கே மாமல்லபுரத்து ரிசார்ட் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்ற மனமில்லாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வந்த வழி முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். 'எல்.என்., என் பேருக்குக் கீழ இருக்கற ரெண்டாவது வரிய மட்டும் படிக்காத, புத்தகத்துலயும் அடிச்சுடு.' இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரமாகும்? மூச்சு விடுகிற நேரம். ஆனால் சொன்ன கையோடு 'ஏன்டா?' என்று எல்.என். கேட்பானே, அதற்கு என்ன சொல்வது என்று அவன் ஒத்திகை பார்க்கவில்லை. பார்க்கப்போனால் வண்டி தானாக ஓரம் கட்டிவிடும் போலிருந்தது.

எல்.என். என்கிற லக்ஷ்மிநாராயணன்தான் அவர்கள் பேட்ச்சின் செயலாளர். படூரில் எம்.பி.ஏ. படித்து முடித்துப் பதினைந்து வருஷமாகியும் அந்தப் பதவியை அவனும் விடவில்லை, அதுவும் அவனை விடவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் நாற்பத்தெட்டு பேருக்கும் போன் போடுவான். ஆளுக்கு இரண்டு வரி. முதல் வரி வேலை, இரண்டாவது வரி குடும்பம். அது சின்னப் புத்தகமாக அச்சாகி, ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சந்திப்பில் வாசிக்கப்படும். வாசிக்கும்போது அந்தந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். பிரமோஷன் என்றால் மேஜையைத் தட்டுவார்கள். குழந்தை என்றால் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டும். யார் ஆரம்பித்த வழக்கமோ, அவர்களுக்கு அது கோயில் சம்பிரதாயம் மாதிரி ஆகிவிட்டது.

ஜெபசிங்குக்குப் பத்து வருஷமாக ஒரே வரிதான். 'ஜெபசிங், செங்கல்பட்டில் இருசக்கர வாகன ஷோரூமில் சேல்ஸ் மேனேஜர்.' அவ்வளவுதான். அதைப் படித்ததும் எல்.என். கண்ணை உயர்த்திப் பார்ப்பான். நல்ல மனசுக்காரன், கேலியெல்லாம் கிடையாது. ஒரு கணம் இரக்கமாகப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவான். அந்த ஒரு கணம் நிற்பதற்குப் பதில் வெயிலில் மண்டி போடச் சொன்னால்கூடப் போட்டுவிடலாம் என்று ஜெபசிங்குக்குத் தோன்றும். மதுராந்தகம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து எம்.பி.ஏ. வரை வந்தவன் அவன். எத்தனையோ இடத்தில் எழுந்து நின்றிருக்கிறான், இங்கேதான் எப்போது உட்காரலாம் என்று பார்ப்பான்.

போன டிசம்பர் பத்தாம் தேதி எல்.என். போன் செய்தபோது ரெஜினாவுக்கு எட்டரை மாசம்.

மூன்று முறை தங்காமல் போய், நான்காவதாக நின்ற கரு. ரெஜினா இந்த முறை வாயைப் பூட்டிவிட்டாள். தன் வாயை மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் எல்லோர் வாயையும். வளைகாப்பு வேண்டாம் என்றாள். சர்ச்சில் ஜெபக்குறிப்பில்கூடப் பெயர் எழுத விடவில்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. புள்ள கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு வுடக்கூடாது. என்மேல ஆணை," என்றாள். ஜெபசிங் கட்டிக் காத்தான். ஷோரூமில் சொல்லவில்லை, கூடப் படித்தவர்களிடம் சொல்லவில்லை. எட்டரை மாசம் கட்டிக் காத்தவனுக்கு எல்.என். குரலைக் கேட்டதும் என்ன வந்ததோ.

"மச்சான், பிரிண்டுக்குப் போவுது. உன்னோடது அதே வரிதானே?"

அந்த 'அதே வரிதானே'தான் அவனைக் கவிழ்த்தது. ஷோரூமில் இருபத்தெட்டாம் தேதி ஆனால், இன்னும் விற்காத நாலு வண்டியை விற்றதாகவே மேலிடத்துக்கு எழுதி அனுப்புவார்கள். ஐந்தாம் தேதிக்குள் எப்படியும் விற்றுவிடும். வரப்போவதை வந்ததாக எழுதுவதைத்தான் இரண்டு வருஷம் காசு கட்டி அவர்கள் படித்தார்கள். இது மட்டும் ஏன் கூடாது? புத்தகம் வெளிவருவது ஜனவரி கடைசியில். டாக்டர் கொடுத்திருந்த தேதி ஜனவரி எட்டு.

"ரெண்டாவது வரி ஒண்ணு போடு. ஜனவரியில் குழந்தை பிறந்ததுன்னு போடு."

எல்.என். போனிலேயே கத்திவிட்டான். ஜெபசிங் அன்றைக்கு ஷோரூமில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான், ஏன் என்று சொல்லாமல்.

பதினான்காம் தேதி காலையில் அசைவு நின்றது. ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், பெண் குழந்தை. ரெஜினாவை மயக்கத்தில் வைத்திருந்தார்கள். தாயிடம் காட்டக்கூடாது, பார்த்தால் காலத்துக்கும் கண்ணிலேயே நிற்கும் என்று அவளுடைய அம்மா சொன்னாள், நர்ஸும் தலையாட்டினாள். ஜெபசிங்கும் சரி என்றான். அவள் கண் விழிப்பதற்குள் அவனும் ரெஜினாவின் அண்ணன் சாலமோனும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் எல்லாம் முடித்துவிட்டு வந்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். அதைச் சொல்கிறவர்களுக்கு மறுபடி கடைய மோராவது மிச்சமிருக்கும்.

அதற்குப் பிறகு ஆறு வாரம். ரெஜினா எதுவும் கேட்கவில்லை, அவன் எதுவும் சொல்லவில்லை. கேட்காமல் இருப்பதே பெரிய புண்ணியம் என்று நினைத்தான். ஏனென்றால் அவன் பயமெல்லாம் ஒரு தேதி மேல்தான். பத்தாம் தேதி வாயை விட்டான், பதினான்காம் தேதி போயிற்று. ரெஜினாவுக்கு இது தெரிந்தால் நாலு நாளையும் விரல் விட்டு எண்ணுவாள். எண்ணி முடித்துவிட்டு அவனைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கப்புறம் இருவரும் ஒரே வீட்டில் எப்படி இருப்பது? கண்ணேறு என்பதெல்லாம் பொய் என்று அவனுக்குத் தெரியும். பைபிளில் இல்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் இந்த ஆறு வாரமாக அவனும் அந்த நாலு நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

புத்தகம் கைக்குக் கை போனால் யாராவது ஒருத்தர் ரெஜினாவுக்கு வாழ்த்துச் சொல்ல போன் போடுவார்கள். அதைத் தடுக்கத்தான் சீக்கிரம் வந்தது.

எல்.என். கேளம்பாக்கத்திலிருந்து காரில் வந்து இறங்கினான். இரண்டு கையிலும் புத்தகக் கட்டு. ஜெபசிங்கைப் பார்த்ததும் கட்டைத் தரையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"எல்.என்., ஒரு விஷயம்டா."

"ஒரு விஷயமும் வேணாம். இந்த வருஷம் மொதல்ல டைப் பண்ணது உன் வரிதான் தெரியுமா? எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. வா, இத ஒரு கை புடி."

கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். இப்போது சொல்லலாம், நாற்காலி போட்டதும் சொல்லலாம், தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம். இப்படியே அரங்கம் நிறைந்துவிட்டது. புத்தகத்தை மேஜை மேஜையாக வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? எல்.என். ஒரு பக்கம், ஜெபசிங் ஒரு பக்கம்.

பெயர்கள் வரிசையாக வந்தன. அரவிந்தன் சிங்கப்பூரில் ரீஜனல் ஹெட். தட்டினார்கள். வச்சலா வேலையை விட்டுவிட்டு மசாலா கம்பெனி ஆரம்பித்திருக்கிறாள். தட்டினார்கள். அவன் பெயர் வந்தது, எழுந்து நின்றான். முதல் வரியைப் படித்துவிட்டு எல்.என். வழக்கம்போலக் கண்ணை உயர்த்தினான், இந்த முறை சிரித்துக்கொண்டு. ஜெபசிங் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. எல்.என். அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டான். 'பதினோரு வருடக் காத்திருப்புக்குப் பின், ஜெபசிங் – ரெஜினா தம்பதியருக்கு ஜனவரியில் குழந்தை பிறந்தது.'

நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். அப்படி ஒரு கைதட்டல் அந்த அரங்கில் யாருக்கும் விழுந்ததில்லை. ஜெபசிங் கை கூப்பினான். வேறென்ன செய்ய முடியும் அவனால்? அத்தனை பேர் சந்தோஷத்தைப் போட்டு உடைக்க வேறு ஒரு நெஞ்சு வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் புல்தரையில் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். தணிகைவேல்தான் முதலில் வந்தான். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரன், இறால் ஏற்றுமதி செய்கிறான், எம்.பி.ஏ.வும் அவன் பேச்சை மாற்றவில்லை.

"இன்னா மச்சான், பையனா பொண்ணா? போடவே இல்லயே."

"பொண்ணு."

"மகாலட்சுமி. யார் ஜாடை?"

ஜெபசிங் வாய் திறந்தான். "அவங்கம்மா ஜாடைதான். தலை நெறைய முடி. காத வந்து மூடுது. நெகம்கூட வளந்து..." சொல்லச் சொல்ல அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் உள்ளேயே கிடந்தது வார்த்தையாக வந்தது. எல்லாம் நிஜம். அந்த முடியை அவன் பார்த்திருக்கிறான். ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்ததை விலக்கிவிட்டுமிருக்கிறான். மகளைப் பற்றி ஒரு ஆள் கேட்கிறான், அப்பன் பதில் சொல்கிறான். உலகத்தில் எல்லா அப்பனுக்கும் கிடைக்கிற இந்தச் சின்ன விஷயம் கிடைத்ததும் அவனுக்கு நிறுத்த முடியவில்லை. வெட்கக்கேடு, சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆனால் அவன் அவளைக் கையில் வைத்திருந்தது இரண்டு நிமிஷம். நிஜம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அவர்களோ விடுகிறபாடில்லை. போட்டோ எங்கே என்றார்கள். நாற்பது நாள் கழியட்டும் என்றான். தூங்க விடுகிறாளா என்றார்கள். எங்கே விடுகிறாள் என்றான். கல்பாக்கத்திலிருந்து வந்திருந்த ரூத், கல்லூரியில் அவனுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரி, "சிரிக்க ஆரம்பிச்சிட்டாளா ஜெபா?" என்று கேட்டாள்.

"ம். சிரிச்சா கன்னத்துல குழி விழுது."

சொன்ன பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று திகைத்தான். தட்டை எடுத்துக்கொண்டு கடல் பக்கமாக நகர்ந்தான். மீன் வறுவல் இருந்தது, தொட முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது ரூத் ஒரு சவுக்கு மரத்தடியில் போனைக் காதில் வைத்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் பேசுகிறாள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். அதற்குள் அவள் பேசி முடித்து அவனை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக்காரிகிட்ட பேசிட்டேன். எவ்ளோ அழுத்தம்டா ரெண்டு பேருக்கும், ஒரு வார்த்த சொல்லல."

"ரெஜினா இன்னா சொன்னா?"

"பாப்பா தூங்குதாம். அதான் மெதுவா பேசறேன்னா. நான்தான் வளவளன்னு பேசிக்கினு இருந்தேன். நீ சொன்னதெல்லாம் சொன்னேன், கேட்டுக்கினே இருந்தா."

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினான். முதல் தடவை வீட்டுக்குப் போட போனை எடுத்தான், போடவில்லை. இரண்டாவது தடவை எதற்கு நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் எண்ணி முடித்திருப்பாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. கேட்கட்டும். காலில் விழுந்துவிடலாம். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம். அவள் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருந்தால்? அப்படி நினைத்ததும் வண்டியை முறுக்கினான்.

ரெஜினா வீட்டில்தான் இருந்தாள். கட்டிலில் துவைத்த துணி குவியலாகக் கிடந்தது, பக்கத்தில் மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"ரூத்து போன் பண்ணுச்சு."

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். "ரெஜி, தப்புதான். டிசம்பர்ல எல்.என். போன் பண்ணப்ப நான்..."

"தல நெறைய முடியாமே," என்றாள் ரெஜினா.

அவள் குரலில் கோபம் இல்லை. தேதியையும் அவள் கேட்கவில்லை. தேதி அவளுக்குத் தேவைப்படவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"காத வந்து மூடிக்கினு இருந்துச்சாம். நெகம்லாம் வளந்து இருந்துச்சாம். அது சொல்லிக்கினே போவுது, நான் இங்க நின்னுக்கினு கேக்கறேன்." ஒரு துணியை எடுத்தாள், மடிக்காமல் மறுபடி வைத்தாள். "ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. பெத்தவ நான். ஆறு வாரமா உங்க மூஞ்சிய பாத்துக்கினு இருக்கேன், இன்னிக்கு சொல்வாரு, நாளைக்கு சொல்வாருன்னு."

"நீ கேக்கவே இல்லயே."

"எப்படிங்க கேப்பேன்?"

அவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்த முடி எப்படி ஒட்டியிருந்தது, எப்படி விலக்கினான், துண்டு என்ன நிறம், எல்லாம் சொன்னான். எடை எவ்வளவு இருந்தது என்று கேட்டாள், சொன்னான். கண் எப்படி என்று கேட்டாள். மூடியிருந்தது என்றான். தெரிந்ததெல்லாம் முடிந்துவிட்டது. அவள் இன்னும் காத்திருந்தாள்.

"சிரிச்சா குழி விழும்னு சொன்னீங்களாமே," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்குத் தெரியும். எந்தக் குழந்தை சிரிக்கும், எது சிரிக்காது என்று தெரியாதவளா அவள்? தெரிந்துகொண்டேதான் கட்டிலிலிருந்து இறங்கி அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எந்தக் கன்னத்துல?"

கேட்டுவிட்டு முகத்தை அவன் பக்கமாக நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபசிங்கின் கை கொஞ்ச நேரம் எங்கே போவதென்று தெரியாமல் நடுவில் நின்றது. பிறகு அவளுடைய இடது கன்னத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு விரலை வைத்தான்.