குளிக்கையில் படித்த புத்தகம்

காலை ஏழு பத்துக்கே குமுதா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் புதுச் சட்டி, அதன் மேல் மடித்த வெள்ளைத் துணி. கோகிலன் கேட்டைப் பிடித்தபடி நின்றான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறது என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தான். காரின் பின்னால் அவன் வைத்த மண்வெட்டியைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“நீ எதுக்கு? பொம்பளைங்க அங்கெல்லாம் வரக்கூடாது.”

“அது பொதைக்கிறப்ப. இப்ப எடுக்கத்தானே போறோம். எடுக்கிறதுக்கு யாரு சட்டம் போட்டு வெச்சிருக்கா?”

“வெயிலு அடிக்கும்லா.”

“ஆறு வருசமா அவன் மேலயும்தான் அடிக்குது. வண்டிய எடுங்க.”

ஈப்போவின் குனோங் ராபாட்டிலிருந்து சித்தியவான் சாலையில் ஒரு மணி நேரம். அவள் சட்டியை மடியிலிருந்து இறக்கவேயில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமலே ஆறு வருடத்தை ஓட்டியிருந்தான்.

அவர்களுடைய மகன் யுகேந்திரன் மூன்றரை வயதில் டெங்கிக் காய்ச்சலில் இறந்தான். சின்னப் பிள்ளையை எரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். கோகிலனின் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் எடுத்த தோட்டத்தின் இடுகாட்டில் புதைத்தார்கள். அப்போதே அங்கே பால்மரமும் இல்லை, தொழிலாளர் லயமும் இல்லை, சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை. இப்போது அதுவும் கைமாறி, வீடுகள் வரப்போகின்றன. மாதக் கடைசிக்குள் அவரவர் குழியை அவரவர் காலி செய்துகொள்ள வேண்டும் என்று வேலிக்கம்பியில் அறிவிப்பு தொங்கியது. அதைப் பார்த்த அன்றே குமுதா சட்டி வாங்கிவிட்டாள். எரித்து லூமுட் கடலில் கரைத்துவிடலாம் என்றாள். இனி யாரும் அவனைக் கிளப்பமாட்டார்கள்.

அந்த இடத்து மண் வேலைக் குத்தகை தர்மாவுக்குக் கிடைத்திருந்தது. கோகிலன் பதினான்கு வருடமாகத் தர்மாவிடம்தான் மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறான்.

“நீ வேணாம் மச்சான். இந்தோனேசியாக்காரன் ஒருத்தன் இருக்கான், பொறுமையா அள்ளுவான்,” என்று தர்மா சொல்லிப் பார்த்தான்.

“எம்புள்ளைய நானே எடுக்கிறேன்.”

தர்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோகிலனுக்கு வெட்கமாக இருந்தது. வேறொருவன் தோண்டினால், குழிக்குள் இருப்பதை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டிவிடுவான் என்பதுதான் அவன் பயம்.

குழிக்குள் ஒரு புத்தகம் இருந்தது.

காகிதமாக இருந்திருந்தால் இத்தனை நாளில் மக்கியிருக்கும். இது பிள்ளைகள் குளிக்கும்போது வைத்துக்கொள்கிற பிளாஸ்டிக் புத்தகம். தலையணைபோல் மெத்தென்று ஆறு பக்கம். குப்பை லோரி, சிமெண்டு லோரி, தீயணைப்பு வண்டி, பழுதான காரை இழுத்துப்போகிற லோரி, மண்வாரி, பஸ். எழுத்து அதிகமில்லை, இருந்ததும் ஆங்கிலம். குமுதா அவளாகவே தமிழில் கதை கட்டிச் சொல்வாள். குப்பை லோரிக்குப் பசி, சிமெண்டு லோரிக்குத் தலைசுற்றல். அந்தக் கதை ஓடினால்தான் யுகேந்திரன் தலையில் தண்ணீர் ஊற்ற விடுவான். மண்வாரி வந்ததும் அதன் ஓட்டுநரைத் தொட்டு “அப்பா” என்பான். ஓட்டுநருக்கு முகமே கிடையாது. சிவப்புத் தொப்பியும் அதன் கீழே ஒரு சிரிப்பும்தான்.

“இந்த ஜெங்காவுக்குக் கையில ஒரு மூட்டு கொறையுது. இத வெச்சு ஒரு பிடி மண்ணு அள்ள முடியாது,” என்று ஒருநாள் குளியலறை வாசலில் நின்று, அந்த மண்வாரிப் படத்தைப் பார்த்துக் கோகிலன் சொன்னான்.

“ஆமா, படம் போட்டவனுக்கு ஒரு லெட்டர் போடுங்க. ஒங்கப்பாவுக்கு எல்லாத்துலயும் கொற கண்டுபிடிக்கணும்டா.”

பிள்ளை புத்தகத்தின் மூலையைக் கடித்துக்கொண்டு சிரித்தது. பல் முளைத்த நாளிலிருந்து கடிக்கிற மூலை.

அடக்கத்தன்று குமுதா வீட்டில் பெண்களுக்கு நடுவே கிடந்தாள். இடுகாட்டில் குழியருகே யாரோ, “புள்ள சாமான் ஏதும் போடணுமா?” என்று கேட்டார். கோகிலன் ஆஸ்பத்திரியிலிருந்து தோளிலேயே தொங்கிய பைக்குள் கையை விட்டான். புத்தகம் வந்தது. நெஞ்சின் மேல் வைத்து, பிள்ளையின் கையை எடுத்து அதன் மேல் போட்டான். அந்த நேரத்துக்கு அது சரியாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் குமுதா பையைக் கொட்டிப் புத்தகத்தைத் தேடியிருக்கிறாள். கோகிலன் வெளியே போயிருந்தான். அவன் திரும்பி வரும்போது, தங்கை கலாதேவி தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒம்புள்ளைங்க கைதான் அந்தப் பையில இருந்திச்சி. நான் கண்ணால பாத்தேன்,” என்று உள்ளேயிருந்து குமுதா கத்தினாள்.

“செத்த புள்ள சாமானத் தூக்கிட்டுப் போறவளா அண்ணி நானு? நல்லாருங்க.”

அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் கொஞ்சம் ஆறட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டான். மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கலாதேவி வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. அவள் மூத்தவன் காதுகுத்துக்கு இவர்களை அழைக்கவில்லை.

குமுதா ஈப்போவில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, அதே புத்தகத்தை ஒருமுறை வாங்கியும் வந்தாள். மேசையில் வைத்து மூலையைத் தடவிப் பார்த்தாள். “இதுல பல்லுத் தடம் இல்ல,” என்றாள். மறுநாள் அது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருந்தது.

அவர்கள் இடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, தர்மா குழியைச் சுற்றிப் புல்லை வெட்டி வைத்திருந்தான். குமுதா இறங்குவதைப் பார்த்ததும் கோகிலனைப் பார்த்தான்.

“தங்கச்சி, நீ காருக்குள்ளயே இரும்மா. ஏர்கோன் போட்டுக்க.”

“இருக்கட்டும்ணே. நின்னே பாக்குறேன்.”

கோகிலன் மண்வாரியில் ஏறினான். மேல் மண்ணை நான்கு தடவை, தோசையைத் திருப்புகிற மாதிரி மெல்ல வழித்து ஓரத்தில் வைத்தான். இரண்டடி. அதற்குக் கீழே இரும்பை இறக்க மனம் வரவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கினான்.

“மெதுவாங்க,” என்றாள் குமுதா மேலேயிருந்து.

கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியையும் வைத்துவிட்டுக் கையால் தோண்டினான். சட்டைப் பொத்தான் ஒன்று. பிறகு எலும்பு ஒன்று, சுண்டுவிரல் கனம்தான் இருந்தது. மேலே கொடுத்தான். அவள் வாங்கித் துணியில் வைத்தாள். அழவில்லை. “எவ்வளவு சின்னதா இருக்கு,” என்றாள்.

அடுத்து விரலில் வழுவழுவென்று ஒன்று பட்டது. மண்ணைத் துடைத்தான். நகத்தளவு மஞ்சள், புத்தகத்தின் அட்டை. அவன் முதுகு அதை அவளுக்கு மறைத்தது. தர்மா அவளிடம் தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தான். ஒரு பிடி மண் போதும். மாலைக்குள் இந்தக் குழியை அவனேதான் மூடுவான். பிறகு இதன் மேல் யாரோ ஒருவருடைய சமையற்கட்டு வந்துவிடும். ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்தும் விட்டான்.

அப்போதுதான் கண்டான். பிள்ளையின் விரலெலும்புகள் புத்தகத்தின் மேல் கிடந்தன, அரிசி சிந்தியதுபோல. ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் பாதி மண்ணோடு போய்விடும். புத்தகத்தோடு எடுத்தால் மொத்தமும் வரும்.

மண்ணைக் கீழே போட்டான். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, தாம்பாளத்தைத் தூக்குகிறவன்போல் சாயாமல் தூக்கி மேலே நீட்டினான்.

குமுதா குனிந்து வாங்கினாள். முதலில் எலும்புகளைத் துணிக்கு மாற்றினாள். எல்லாம் வந்துவிட்டதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு போத்தல் தண்ணீரைப் புத்தகத்தின் மேல் ஊற்றினாள். லோரி வந்தது. பக்கத்தைப் புரட்டினாள், சிவப்புத் தொப்பி வந்தது. கட்டைவிரல் தானாக அந்த மூலைக்குப் போனது. தர்மா வேலிப் பக்கம் நடந்துவிட்டான்.

“நான்தான் வெச்சேன்,” என்றான் கோகிலன்.

“தெரியுது.”

“அன்னிக்கே சொல்லிருக்கணும்.”

அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள்.

“யாருக்கு?”

“கலாவுக்கு. நம்பர அழிச்சிடணும் அழிச்சிடணும்னு இருந்தேன். கை வரல.”

“நான் பேசுறேன். குடு.”

“வேணாம். நீங்க பேசுன லச்சணம் போதும்.”

ஒலிபெருக்கியை அழுத்தி, போனை மண்மேட்டின் மேல் வைத்தாள். குழிக்குள் நின்ற கோகிலனின் முகத்துக்கு நேரே திரை ஒளிர்ந்தது. ஐந்து முறை மணி அடித்தது. ஆறாவதில் எடுத்தார்கள். பின்னால் எங்கோ டிவி சத்தம்.

“அண்ணியா?”

குமுதா வாயைத் திறந்தாள். குரல் எழும்பவில்லை. அந்தப் பக்கம் யாரோ டிவியை நிறுத்தினார்கள்.

“அண்ணி, நீங்கதானே? ஏன் பேச மாட்றீங்க? அண்ணனுக்கு என்னாச்சு அண்ணி?”