மருந்துக்குக் கட்டிய பாடை

எங்கள் ஊரில், செடிக்கு அடித்த மருந்து செத்து, அதற்குக் கொள்ளி வைத்த பிறகுதான் காய் பறிப்போம்.

மருந்து சாவது மெதுவான காரியம். முதலில் பாதி சாகும், பிறகு மிச்சத்தில் பாதி, பிறகு அந்த மிச்சத்தில் பாதி. வெயில் பட்ட பக்கம் சீக்கிரம் கண்ணை மூடும். இலைக்கு அடியில் நிழலில் கிடப்பது லேசில் போகாது. பாகப்பிரிவினை முடியாத கிழவனைப் போல இழுத்துக்கொண்டே கிடக்கும். காயைக் காதோரம் வைத்தால் மூச்சு கேட்கும்.

மூச்சு இருக்கும்போது பறித்தால், பறித்தவர் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். போன வருஷத்து வெள்ளாமையில் மண்டிக்காரர் நாட்ராயன் அவசரப்படுத்தியதால் பறித்தோம். என் அக்கா சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த மருந்து, அவள் மகனின் தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. இருவருக்கு அந்தத் தொட்டில் போதவில்லை. பையன்தான் போனான்.

இப்போது அதே தொட்டிலில் அடுத்துப் பிறந்த மகள் இருக்கிறாள்.

இந்த முறையும் நாட்ராயன் டெம்போவோடு வந்து நின்றார். வெண்டைக்காய் காத்திருக்காது, ஒரு நாள் விட்டால் முத்திவிடும். மருந்து அதற்காக அவசரப்படாது.

"மூச்சு இருக்குதுங்க மாமா," என்றாள் அக்கா.

"உங்கூர்ல எழவுன்னா டவுன்ல சாம்பார் வைக்காம இருப்பாங்களா அம்மிணி?"

"அப்ப இந்தக் காயை உங்க பேத்திக்குப் பச்சையாக் கடிக்கக் குடுங்க. அப்புறம் பறிக்கறோம்."

நாட்ராயன் சிரித்தார். "எங்கூட்டுக்குத்தான் தனிப்பாத்தி இருக்குதே."

அது ஊருக்கே தெரியும். அந்தப் பாத்தியில் மருந்தே அடிப்பதில்லை, ஆகவே சாவும் கிடையாது. நான் சத்தம் போட்டுப் பழகாதவன். என் கடைவாய்ப் பற்கள் இரண்டு அரைபட்டுப் பொடியாயின. துப்பிவிட்டு நின்றேன்.

நாட்ராயன் மேளக்காரர்களையும் டெம்போவிலேயே கொண்டுவந்திருந்தார். மூங்கில் பிளந்து தன் கையாலேயே ஒரு பாடை கட்டினார். பாடை கட்டுவது பங்காளியின் வேலை. கட்டியவர் பங்காளி ஆகிவிடுவார். ஒரு வெண்டைக்காயைப் படுக்கவைத்து, நெற்றியில் காசு ஒட்டி, கோடித்துணி போர்த்தினார்.

"ஆச்சு, செத்துருச்சு. கூடையை எடுங்க."

துணிக்குள் மருந்து இருமியது. மேளத்தைக் கொஞ்சம் உரக்க அடித்தார்கள்.

அக்கா துணியை விலக்கினாள். காயைக் காதோரம் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தாள். பிறகு போய் டெம்போவின் முன்சக்கரத்துக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"என் மேல ஏத்தீட்டுப் போங்க மாமா. இன்னொரு பாடை கட்ட மூங்கில் மிச்சம் இருக்குதுல்ல?"

டிரைவர் இறங்கிப்போய் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டான். ஊர்ச்சனம் ஒவ்வொருவராக வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. சந்தை கூடியது, கலைந்தது. காய்கள் முத்தின. நாட்ராயன் எங்கள் பாட்டன் பூட்டன் எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டினார். பொழுது சாயும்போது மருந்து செத்தது.

சில மருந்துகள் சாகும்போது பிள்ளை பெறும். இதுவும் பெற்றிருந்தது. இலைக்கு அடியிலிருந்து இறங்கிவந்த மகன் அப்பனைவிட ஒரு முழம் உயரம், தோளும் அகலம். கொள்ளிச்சட்டி ஏந்தி, வாய்க்கால் மேட்டில் அப்பனை எரித்தான். அழவில்லை. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து கேட்டான்.

"பாடை கட்டினது யாருங்க?"

எல்லோரும் நாட்ராயனைக் காட்டினோம். கொள்ளி வைத்தவன் அன்றைக்குப் பாடை கட்டிய பங்காளி வீட்டில்தான் படுக்க வேண்டும்.

"அட, நான் சும்மா ஒரு பேச்சுக்குக் கட்டுனதப்பா," என்றார் நாட்ராயன்.

"பரவால்லீங்க சித்தப்பா," என்று சொல்லி அவன் டெம்போவின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நாட்ராயன் நகர்ந்து இடம் விட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் தொட்டிலில் காதை வைத்துப் பார்த்தாள். ஒரே மூச்சுதான் கேட்டது.

காலையில் நாட்ராயன் வீட்டுப் பக்கம் போனேன். தனிப்பாத்தியில் வெண்டைக்காய்கள் எல்லாம் பங்காளி முறைக்கு மொட்டையடித்துக்கொண்டு, வரப்போரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.