பாலைவனச் சோலையில் எங்கே சாப்பிடலாம்: ஒன்பது இடங்களும் ஒரு றைஸ் குக்கரும்

1

இந்தக் கதை எனக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் கிடைத்தது. சோதனை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நம்மவர் ஒருவருடைய கைப்பையைத் திறந்தார்கள். உள்ளே துவாயில் சுற்றிய ஒரு றைஸ் குக்கர். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. பின்னால் நின்ற மனைவிதான், யாரோ அறியாதவர்போல வாசனைத் திரவிய விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பொன்மணலில் ஈச்சமரங்களின் நிழல் நீள, தொலைவில் ஒட்டகங்கள்...” வேண்டாம். நான் பாலைவனம் போனதில்லை. அதனால் கதையில் வரும் ஊருக்குப் பெயரும் கிடையாது. பெயர் வைத்தால் யாராவது போய்ப் பார்த்துவிட்டுப் பிழை பிடிப்பார்கள்.

2

பாலாம்பிகை லண்டனின் கிழக்கோரத்துக் குட்மேய்ஸில் இருக்கிறாள். அங்குள்ள தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாகக் கிடைக்கும் மாதப் பத்திரிகையில் ‘எங்கே சாப்பிடலாம்’ என்ற பகுதியை எழுதுகிறவள். அந்தப் பகுதி இதுவரை பக்கத்திலிருக்கும் ஈஸ்ட் ஹாமைத் தாண்டியதில்லை. பத்திரிகைக்கு விளம்பரம் தரும் பயண முகவர் ஒருவர், பாலைவனச் சோலை ஒன்றுக்கு இரண்டு விமானச் சீட்டும் விடுதி அறையும் தந்தார். “பத்து இடமாவது வரவேணும் அன்ரி,” என்றான் ஆசிரியர் நிருஜன்.

அவளுக்கு வந்த சந்தோஷம் எழுத்தைப் பற்றியதல்ல. தான் சமைக்காத, தனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு சாப்பாட்டை ஒருமுறையாவது ஆறுதலாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கூடவே கணவர் சண்முகராசா வந்தார். அவருடன் குக்கர், சம்பா அரிசி, செத்தல் மிளகாய்.

(சண்முகராசாவை முதலில் முழுக் கோமாளியாகத்தான் எழுதினேன். பிறகு, அவர் லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்தவர் என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. தட்டில் போட்டதைப் பேசாமல் தின்ற காலம். “குடுத்ததைச் சாப்பிட்ட காலம் முடிஞ்சுது,” என்பது அவர் அடிக்கடி சொல்வது. அந்த வரிக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரிப்பது சிரமமாகிவிட்டது. ஆனாலும் முயல்வோம்.)

(இன்னொன்று. அவர் ‘அவர்’, அவள் ‘அவள்’. கவனித்திருப்பீர்கள். திருத்திப் பார்த்தேன். எந்த ‘அவர்’ குக்கரைத் தூக்கினார் என்று எனக்கே குழம்பியது. விட்டுவிட்டேன். முப்பது வருடமாக அவளும் அப்படித்தான் பலதை விட்டிருக்கிறாள்.)

3

“இஞ்சருங்கோ, கீழ ஒரு கடை இருக்கு. இறைச்சியை மண்சட்டியில* வைச்சு அவிக்கிறாங்கள். ஒருக்காப் போய்ப் பாப்பமே?”

“என்ன எண்ணெயோ, என்ன தண்ணியோ. வயித்தைக் கெடுத்துக்கொண்டு பிளேனில ஏறப்போறீரே? சோறு அவிஞ்சிட்டுது, வாரும்.”

தங்கியிருந்த நாளெல்லாம் இதே பேச்சு, இதே சோறு. மாலையில் உலாவப் போகும்போது பாலாம்பிகை உணவகங்களின் பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்தாள். உள்ளே போகவில்லை. கட்டிலில் பழைய பத்திரிகையை விரித்து, ஈச்சமரங்களைப் பார்த்தபடி சோறும் சம்பலும் சாப்பிட்டாள். வெளியே போனாலும் வீட்டு வேலை அவளை விடவில்லை. குக்கர் கழுவுவதற்குக் குளியலறைத் தொட்டி போதாது என்பதுதான் ஒரே வித்தியாசம்.

*அந்த மண்சட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். வாசலில் ஒட்டியிருந்த படத்தை அவள் பார்த்தாள். நான் அதையும் பார்க்கவில்லை.

4

கடைசி நாள் மத்தியானம் சண்முகராசா குக்கரில் எண்ணெய் விட்டுச் செத்தல் மிளகாய் பொரித்தார். யன்னலையும் பூட்டியிருந்தார், மணம் வெளியே போய்விடும் என்று.

தீ எச்சரிக்கை மணி விடுதி முழுக்க அலறியது. குளியல் உடுப்போடும் ஈரத் தலையோடும் எல்லோரும் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். சண்முகராசா குக்கரைத் துவாயில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. குழந்தை தூங்குகிறது என்று நினைத்து ஒரு பெண்மணி வழிகூட விட்டார்.

சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டு, விடுதிக்காரர்கள் எல்லோருக்கும் புதினாத் தேநீரும் மணலுக்குள் புதைத்துச் சுட்ட ரொட்டியும் கொண்டுவந்தார்கள். தட்டு சண்முகராசாவிடம் வந்தது. தலையாட்டி மறுத்தார். அடுத்து பாலாம்பிகை. எடுத்தாள்.

ஈச்சமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். உள்ளே வெங்காயம் இருந்தது தெரிந்தது. இன்னும் ஏதோ இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. அது பிடிபடாமல் இருந்ததுதான் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கண் கலங்கியது. மிளகாய்ப் புகை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

விமானத்தில் சண்முகராசா மெதுவாகச் சொன்னார்: “இந்தக் கதை வெளியில போகக்கூடாது. எலக்ஷன் வருகுதெல்லே.”

பழைய மாணவர் சங்கத் தலைவர் பதவிக்கு அவர் நிற்கிறார். எதிராக நிற்பவர் றமணன், வாயால் ஊரையே சிரிக்கவைக்கிறவர்.

5

(இங்கே ஒரு ஒட்டகச் சவாரி இருந்தது. நீக்கிவிட்டேன்.)

6

இப்போது குட்மேய்ஸ், சமையலறை மேசை. ஒன்பது இடங்களை எழுதிவிட்டாள். எல்லாம் இணையத்தில் யார் யாரோ சொன்னதைப் பொறுக்கி ஒட்டியது. ‘நட்சத்திரங்களின் கீழே மறக்கமுடியாத அனுபவம்’ என்பது மட்டும் மூன்று இடத்தில் வந்திருக்கிறது. எந்த நட்சத்திரத்தையும் அவள் பார்க்கவில்லை.

பத்தாவது இடம் அந்த முற்றம். மணி, புகை, துவாய், ரொட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. கட்டுரையில் உண்மையான பகுதி அது ஒன்றுதான். நன்றாகவும் வந்திருக்கிறது. பொறாமையோடு சொல்கிறேன்.

“அன்ரி, பின்னேரம் அச்சுக்குப் போகுது,” என்று நிருஜன் இரண்டாம் தடவை தொலைபேசி எடுத்துவிட்டான்.

அவள் எழுதுவதை அனுப்புமுன் சண்முகராசா வாசிப்பது அந்த வீட்டு வழக்கம். இதோ வருகிறார்.

“முடிஞ்சுதே? கொண்டாரும், பாப்பம்.”

7

முடிவு ஒன்று: அவள் பத்தாவதை அழிக்கிறாள். நான்காவது நட்சத்திர அனுபவம் அந்த இடத்துக்கு வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு இந்தக் கதையை எழுதியதே வெட்கமாகிப் போகும்.

முடிவு இரண்டு: அவள் அப்படியே அனுப்புகிறாள். குட்மேய்ஸ் சிரிக்கிறது, றமணன் தலைவராகிறார். சண்முகராசா தட்டில் போட்டதைப் பேசாமல் சாப்பிடத் தொடங்குகிறார். அந்தப் பழைய அகதி விடுதியில் சாப்பிட்டதுபோல. இல்லை, இதை என்னால் எழுத ஏலாது.

முடிவு மூன்று: அவர் வாசிக்கிறார். பிறகு, “அந்த ரொட்டிக்குள்ள என்னப்பா இருந்தது?” என்று கேட்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். சண்முகராசா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார். மேசையில் இல்லை, சட்டைப் பையில் இல்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நிருஜனுடைய அழைப்பு மறுபடி வருகிறது.

கண்ணாடி குக்கர் மூடியின் மேல் இருக்கிறது. பாலாம்பிகைக்கு அது தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். எடுத்துக் கொடுப்பதா என்று அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.