செங்கற்சூளைச் சண்டை

ஹம்பேர்க்கில் பிரபாலினி தாதியாக வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒட்டோ என்றொரு கிழவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன் படைவீரர். அவரைப் பார்க்க ஆண்டுக்கொரு முறை, ஏப்ரலில், மார்செல் என்ற பிரெஞ்சுக்காரர் ரயிலேறி வருவார்.

"ரெண்டு பேரும் எதிரியளெல்லே? எப்பிடிச் சிநேகிதம் வந்தது?" என்று கேட்டான் அவள் கணவன் சிறீதரன்.

"எனக்கும் விளங்கேல்லை. இந்தமுறை கேக்கப் போறன்."

2005 ஏப்ரலில் மார்செல் வந்ததும் கோப்பியை வைத்துவிட்டு நேராகவே கேட்டாள். மார்செல் சொன்னார்.

போர் முடியும் தறுவாய். ஒரு கிராமத்துச் செங்கற்சூளையில் பிரெஞ்சுக் கைதிகள் சிலர் வேலை செய்தார்கள், மார்செலும் அவர்களில் ஒருவர். மற்றக் காவலர்கள் துவக்குகளைப் போட்டுவிட்டு ஓடிவிட, காவலுக்கு எஞ்சியிருந்தது ஒட்டோ மட்டும். பிரிட்டிஷ் படை நெருங்கிவிட்டதால் ஊர்த்தலைவர் தேவாலயக் கோபுரத்தில் வெள்ளைத் துணி கட்டினார். அதற்காக அவரைத் தூக்கிலிட ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் லொறியில் வருவதாக, சைக்கிளில் ஓடிவந்து சொன்னாள் ரொட்டிக்கடைக்காரி.

"ஒட்டோ எங்களுக்குத் துவக்குகளைத் தந்தான். நான் அதை முதலில் அவன் நெஞ்சுக்கு நேரேதான் பிடித்தேன்," என்றார் மார்செல்.

"அதில் சுடுவதற்கு ரவை இல்லை," என்று சிரித்தார் ஒட்டோ. "ரவை என் பையில் இருந்தது."

"பிறகு?" என்றாள் பிரபாலினி.

"பையை மேசையில் கொட்டினேன். திரும்பி நின்று வீதியைப் பார்த்தேன். தனியாளாக அவர்களை மறிக்க என்னால் முடியாதே," என்றார் ஒட்டோ.

"நீங்கள் ஏன் ஓடேல்லை?" என்று மார்செலிடம் கேட்டாள்.

"அந்த ரொட்டிக்காரி எங்களுக்குக் களவாக ரொட்டி தந்தவள். அவளையும் அவள் ஊரையும் விட்டுவிட்டு எப்படி ஓடுவது?"

வீதியை மறித்துச் செங்கல் அடுக்கினார்கள். லொறி நின்றதும் நாலு பக்கமிருந்தும் சுட்டார்கள். பிரிட்டிஷ் படை வந்துவிட்டதென்று எண்ணி, எஸ்.எஸ். படையினர் கொஞ்ச நேரம் திருப்பிச் சுட்டுவிட்டு லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்த்தலைவர் பிழைத்தார். லுசியன் என்ற கைதி மட்டும் சூளை ஜன்னலடியில் சூடுபட்டு இறந்துபோனான். மறுநாள் வந்த பிரிட்டிஷ்காரர்கள் மார்செலைக் கட்டிப்பிடித்தார்கள், ஒட்டோவைக் கையைக் கட்டிக் கொண்டுபோனார்கள். மார்செல் பிரெஞ்சில் கத்தியது ஒருவருக்கும் புரியவில்லை. ஒட்டோ பிரான்சில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கைதியாக வேலை செய்வதை அவர் பிறகு தேடிக் கண்டுபிடித்தார். ஞாயிறுதோறும் சாப்பாடு கொண்டுபோனார்.

"நாளைக்கு லுசியனைப் பார்க்கப் போகிறோம். வாகனம்தான் இல்லை," என்றார் மார்செல்.

மறுநாள் சிறீதரனே அவர்களைக் காரில் ஏற்றிப் போனான். வழியில் பிரபாலினி நடந்ததைச் சொன்னாள்.

"கைதியளிட்டை ரவையையும் குடுத்திட்டு முதுகைக் காட்டி நிண்டவரோ?"

"ஓம்."

அவன் கண்ணாடியில் ஒட்டோவைப் பார்த்தான்.

லுசியனின் கல்லறை அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. ஒட்டோ சக்கர நாற்காலியில் குனிந்திருந்தார்.

"நான்தான் அவனை ஜன்னலடியில் நிறுத்தினேன்," என்றார்.

"இல்லை. நீ சூளைக்குப் பின்னால்தான் நிறுத்தினாய். வீதி தெரியவில்லையென்று அவனாகத்தான் ஜன்னலுக்குப் போனான். நான் பக்கத்தில் நின்றேன்."

"நீ எனக்காகச் சொல்கிறாய்."

"அறுபது வருடமாக உனக்காகப் பொய் சொல்ல நான் என்ன உன் மனைவியா?"

ஒட்டோவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மழை தூறத் தொடங்கியது. சிறீதரன் நாற்காலியைத் தள்ளப் போனான். மார்செல் அவனை விலக்கிவிட்டுத் தானே தள்ளிக்கொண்டு நடந்தார்.