நடுரோட்டில் கை மாறும்

காலையிலிருந்து கோகிலவாணி ஜனங்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தாள். நிஜத்தில் இல்லை, பம்பாய் செம்பூர் ஆபீஸில், கம்ப்யூட்டர் திரையில். தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டை அப்படியே உள்ளே இறக்கி ஆட்டோ, டெம்போ, பைக் எல்லாவற்றையும் ஓடவிட்டிருந்தாள். ரோட்டைக் கடக்கிற ஜனங்கள் நீலப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தனக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய இடத்தில் இறங்க வேண்டும் என்று அவளேதான் விதி எழுதியிருந்தாள். தாராவி ஜனம் வேறு எப்படிக் கடக்குமாம்? புள்ளிகளும் சொன்ன சொல் தட்டாமல் இறங்கின, அடிபட்டன, சிவப்பாகின. பின்னால் வண்டிகள் சயான் வரைக்கும் நின்றன.

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. அந்த ரோட்டின் நடுவே ஆளுயரக் கம்பிவேலி போட்டு, கடப்பதற்கு மேலே படியேறிப் போகும் பாலம் கட்டலாமா என்று ரோடு கமிட்டி மறுநாள் முடிவு செய்வதாக இருந்தது. கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை இவள் ஆபீஸுக்கு வந்திருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் இவள் வீடு, அந்தப் பக்கம் அம்மா முத்துமாரி முறுக்குச் சுற்றப் போகிற கம்பெனி. முத்துமாரிக்கோ இரண்டு முழங்கால் மூட்டும் தேய்ந்துபோயிருந்தன.

“வேலியப் போட்டுட்டானுவன்னா நான் வேலைய விட்டுர வேண்டியதுதான்” என்று அம்மா தினமும் புலம்பினாள். காசுக்காக இல்லை. அந்தக் கம்பெனியில்தான் அவள் சிரிப்பு, சண்டை, சிநேகிதம் எல்லாம் இருந்தது.

“கோகிலா, உங்கம்மா விஷயம் நேக்குத் தெரியாதா?” என்றாள் ஷ்யாமளா. மாட்டுங்காக்காரி, இவளுடைய மேலதிகாரி. “ஆனா நீ பண்ணின மாடலே வேலி போடுன்னுன்னா சொல்றது! அதை நான் எப்படி மாத்திச் சொல்லுவேன்?”

நியாயம்தானே! கோகிலவாணி புள்ளிகளையெல்லாம் சிக்னலுக்குக் காத்திருக்கும் நல்ல பிள்ளைகளாக்கிப் பார்த்தாள். ஜோராக ஓடியது. ஆனால் சுத்தப் பொய். மனசு ஒப்பாமல் அழித்துவிட்டாள்.

சாயங்காலம் அம்மாவைக் கூட்டிவர முறுக்குக் கம்பெனிக்குப் போனாள். திரும்பும்போது ரோட்டோரம் நின்றார்கள். வண்டிகள் விடுவதாக இல்லை. பர்தா போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். தலையில் தோல்கட்டோடு ஒருவர், இரண்டு காலேஜ் பெண்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. சின்னக் கூட்டமாகச் சேர்ந்ததும், வண்டி வருகிற வலது ஓரத்தில் நின்ற கோகிலவாணி கையை நீட்டினாள். எல்லாரும் அவளை ஒட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஆட்டோக்காரர்கள் “சலோ, சலோ” என்று முனகியபடி வேகத்தைக் குறைத்தார்கள். நடுரோடு வந்தது. இனிமேல் வண்டி இடப்பக்கமிருந்து வரும். அவள் கை தானாகத் தாழ்ந்தது, இடது ஓரத்தில் அம்மாவின் கை உயர்ந்தது. யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோகிலவாணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏட்டி, நடுரோட்டுல நின்னு என்னத்துக்குச் சிரிக்க? வா இங்கிட்டு!”

“யம்மா, கம்ப்யூட்டர்ல எல்லாரையும் ஒத்தையில இறக்கிவிட்டுட்டேம்மா! பொறந்ததுலேருந்து இந்த ரோட்டக் கடக்கேன், எனக்கே தோணல பாரு. கோட்டிதான் எனக்கு!”

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் ஆபீஸில் இருந்தாள். புள்ளிகள் துணைக்கு ஆள் சேரும்வரை நிற்கும். வண்டி வரும் ஓரத்துப் புள்ளி கை நீட்டும். நடுவில் கை மாறும். ஓடவிட்டாள். அதே ரோட்டில் முன்பே எடுத்துவைத்திருந்த வீடியோவைப் பக்கத்தில் வைத்தாள். வண்டிகள் நின்ற இடமும் நின்ற நேரமும் அச்சாக ஒத்துப்போயின.

“அடிப்பாவி, ஒத்தர்கூட அடிபடலையே!” என்றாள் ஷ்யாமளா. “இதையே சொல்லிடுவோம் வா.”

கமிட்டித் தலைவர் ஷிர்கே சாஹேபுக்கு ரசிக்கவில்லை. “படம் காட்டறது ஈஸி மேடம்” என்றார் ஹிந்தியில். “நானும் பம்பாய்க்காரன்தான். இப்படிக் கை மாத்துறதை நான் பார்த்ததே கிடையாது. டீ குடிச்சிட்டு வந்து வேலிக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

நல்ல டீக்கடை கமிட்டி ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. சாஹேபும் ஷ்யாமளாவும் கோகிலவாணியுமாக மூன்று பேரும் ரோட்டோரம் வந்து நின்றார்கள், சாஹேப் இடது கோடியில். கோகிலவாணி வலதுபுறம் கையை நீட்டி இறங்கினாள். நடுரோட்டுக்கு வந்ததும் கையைக் கீழே போட்டாள். ஓரக்கண்ணால் சாஹேபைப் பார்த்தாள்.

வேலி எத்தனை அடி உயரம் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்த ஷிர்கே சாஹேபின் இடது கை, வந்துகொண்டிருந்த தண்ணி லாரிக்கு எதிரே தானாக உயர்ந்தது. லாரி வேகம் குறைந்து நின்றது. ஷ்யாமளா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

சாஹேபின் பேச்சு நின்றது. தன் கையை நிமிர்ந்து பார்த்தார், பிறகு கோகிலவாணியைப் பார்த்தார். கையை இறக்காமலே மற்ற இருவரையும் அக்கரை சேர்த்தார்.

“வேலி வேண்டாம்” என்றார் கடை வாசலில், கொஞ்சம் வெட்கத்தோடு. “நடுவில நிக்க ஒரு சின்ன மேடை மட்டும் கட்டலாம்.”

கோகிலவாணி அங்கிருந்தே போன் போட்டாள். “யம்மா, வேலி கிடையாது! நீ வேலைக்குப் போலாம்!”

“எவம்ட்டி சொன்னான்?”

“பெரிய சாஹேப்மா. நடுரோட்டுல அவரே கையத் தூக்கிட்டாரு!”