விருந்தாளி நாள்

"மாமா, வீட்டுக்காரரை நான் பாக்கணும்" என்றாள் அவள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்க யாரும் கை நீட்டவில்லை. அந்த வீட்டில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். இன்னொரு போர்வை கேட்கலாம், மாமாவின் காரில் ஒரு சவாரி கேட்கலாம். வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. வந்து இறங்கிய அன்றே அவளோடு ஒரே அறையில் தங்கும் நர்ஸக்கா காதோடு காதாகச் சொன்ன முதல் பாடம் அது. அம்மாவும் தொலைபேசியில் அதையேதான் ஓதினாள். "கண் காணாத தேசத்துல ஒண்டிக்க நிழல் குடுத்திருக்காரு. அவருகிட்டப் போய் கேள்வி கேக்காதடி."

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. அம்மாவோடு வேலை பார்க்கும் ஒருத்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மூன்று அறை வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்து, ஒன்றில் தானும் அத்தையும் இருந்துகொண்டு, மற்ற இரண்டையும் நம்மவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். ஒன்றில் ஓட்டல் வேலைக்குப் போகும் அண்ணனும் தம்பியும். இன்னொன்றில் அவளும் நர்ஸக்காவும். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது மாமாவுக்குப் பழமொழி இல்லை, தொழில்.

"எதுக்குப் பாக்கணும்?" என்றார் மாமா, அடுப்பை அணைத்தபடி. குரலில் இன்னும் வெல்லம் இருந்தது.

"முன்பணத்தை ஏத்திட்டாருன்னு சொன்னீங்கல்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள வைக்கலன்னா மெத்தை வேற ஆளுக்குன்னு சொன்னீங்கல்ல? எதுக்கு ஏத்துனாருன்னு அவரு வாயால சொல்லட்டும். குடுத்துடறேன்."

கொடுத்தால் அவள் கையில் மிச்சம் ஒன்றும் இராது. வேறு இடம் பார்க்கவும் வழி இல்லாமல் போகும். கொடுக்காவிட்டால் படுக்க இடம் இல்லை. ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது.

"பட்டதாரியம்மா பேச ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் மாமா அத்தையைப் பார்த்து. "இடம் குடுத்தா மடத்தைப் புடுங்குற கதைதான். உங்கப்பாவுக்குக் கையெழுத்தாவது போடத் தெரியுமா? கைநாட்டு வீட்டுல ஒரு பொண்ணு படிச்சு வந்துட்டா உடனே வக்கீலு! இன்னிக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்குல்ல? மூட்டையைக் கட்டு முதல்ல."

என்ன நாள் என்று அவளுக்கா தெரியாது? விருந்தாளி நாள்.

வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். அவர் சார்பில் ஒரு அலுவலகப் பெண் அவ்வப்போது வந்து சுவரில் ஈரம் உண்டா, குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். அவள் தாளில் இந்த வீட்டுக்கு இரண்டே ஆட்கள். அதனால் அவள் வரும் நாளில் மற்ற நால்வரும் மாயமாக வேண்டும். மெத்தைகள் மாமாவின் காருக்குப் போகும். பல்துலக்கிகள் ஒரு பைக்குள் போகும். செருப்பு அடுக்கில் இரண்டு ஜோடிதான் மிஞ்சும். தப்பித் தவறி யாராவது கண்ணில் பட்டுவிட்டால் "விருந்தாளி" என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு முறை அவளும் வாயை மூடிக்கொண்டு, தெருமுனைச் சலவைக் கடை பெஞ்சில், சுழலும் துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் எதிர்க் கட்டடத்தின் மாடியில் இருந்த பலகையையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வாடகைக்கு இருப்போர் உதவி மையம். கட்டணம் இல்லை.

அவளுக்கு வேலை தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். புட்டிகளில் வரும் தண்ணீரைச் சோதிப்பாள். எந்தத் தெரு, எந்தக் குழாய் என்று சீட்டு ஒட்டாத புட்டி வந்தால், தண்ணீர் பளிங்கு போல இருந்தாலும் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். கொட்டுமுன் புட்டியை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

நர்ஸக்கா இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். சீருடையைக்கூட மாற்றாமல் மெத்தையைச் சுருட்டினாள்.

"வாடி, பெஞ்சுல உக்காந்தே தூங்கிக்கறேன். எனக்கென்ன, மாடு மாதிரி நின்னுக்கிட்டே தூங்குவேன்."

"நான் வரலக்கா."

"பைத்தியமா உனக்கு? வெள்ளிக்கிழமைக்கு நான் பணம் எடுத்து வச்சுட்டேன். உனக்குக் குறைஞ்சா கேளு. வாயைக் குடுத்து வம்பை வாங்காத."

நர்ஸக்கா போனாள். அண்ணனும் தம்பியும் போனார்கள். அவள் மட்டும் தன் மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மாமா கெஞ்சினார், மிஞ்சினார், அத்தையை விட்டுப் பேசவைத்தார். "கண்ணு, எங்க மானத்தை வாங்காத" என்று அத்தை அவள் பல்துலக்கியைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அலுவலகப் பெண் மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் கைப்பேசி. அறை அறையாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தாள். மெத்தைமேல் இருந்தவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மாமா அந்த ஊர்ப் பாஷையில், தன் மனைவியின் தங்கை, விருந்துக்கு வந்திருக்கிறாள் என்றார்.

நல்லது, என்றாள் அந்தப் பெண். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, இன்னும் சாமான்களைக் கட்ட ஆரம்பிக்கவில்லையா என்று சாதாரணமாகக் கேட்டாள். மாதக் கடைசியில் சாவியை ஒப்படைக்க வேண்டுமே. வீட்டுக்காரரின் மகள் குடிவருகிறாள் என்று போன மாதமே எழுதியிருந்தோமே, கிடைத்தது அல்லவா? காலி செய்ததும் உங்கள் முன்பணம் முழுதாகத் திரும்பிவிடும், கவலை வேண்டாம்.

மாமா வேகமாகத் தலையாட்டினார். கிடைத்தது, கிடைத்தது.

அவள் எழுந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.

"மாதக் கடைசியில காலி பண்றோமா மாமா?"

"சிரிச்சுக்கிட்டே பேசு" என்றார் மாமா, பல் தெரியச் சிரித்தபடி. "அவ பாக்குறா."

அவளும் சிரித்தாள். "அப்ப வெள்ளிக்கிழமை எதுக்கு எங்ககிட்ட முன்பணம்?"

"வேற வீடு பாக்கத்தான். உங்களுக்கும் சேத்துத்தான்."

"அப்ப ஏன் வீட்டுக்காரரு ஏத்திட்டாருன்னு சொன்னீங்க? நாலு பேருகிட்டயும் வாங்கி, வீட்டுக்காரருகிட்ட இருந்தும் திரும்ப வாங்கி, சொல்லாம கொள்ளாம கம்பி நீட்டவா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்."

"மெதுவாடி!" அத்தைக்குச் சிரிப்பு உதட்டில் ஒட்டவில்லை, அழுகையாக வழிந்தது.

"கத்து, நல்லா கத்து" என்றார் மாமா இன்னும் சிரித்தபடியே. "நீ இங்க இருந்தன்னு என்ன அத்தாட்சி? கையில குடுத்த காசு. உன் பேரு எதுல இருக்கு? நீ விருந்தாளி. அவ்வளவுதான்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தவள் போல அவள் கைப்பேசியை எடுத்தாள். பரிசோதனைக் கூடத்தில் பழகிய வேலை அவளுக்கு. எதை வாங்கினாலும், எதைக் கொடுத்தாலும் எழுதிவைக்காமல் தூக்கம் வராது. மாதாமாதம் மாமாவின் கையில் வாடகையைக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்ததும் ஒரு செய்தி அனுப்புவாள். 'மாமா, இந்த மாச வாடகை கையில குடுத்துட்டேன்.' மாமாவுக்கோ எந்தச் செய்தி வந்தாலும் பதில் போடாவிட்டால் கை அரிக்கும். கல்யாணச் செய்தியா, கருமாதிச் செய்தியா என்றுகூடப் பார்க்காமல் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவார்.

திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். செய்திக்கு ஒரு கட்டைவிரல். அடுத்த செய்திக்கும் ஒரு கட்டைவிரல். வரிசையாக நிமிர்ந்து நின்றன.

"எங்கப்பா கைநாட்டுதான் மாமா. ஆனா எதுக்கு வைக்கிறோம்னு நாலு பேருகிட்டக் கேட்டுட்டுதான் வைப்பாரு. உங்கள மாதிரி இல்ல."

மாமாவின் சிரிப்பு முதல்முறையாக விழுந்தது.

ஏதாவது பிரச்சினையா, என்று அந்தப் பெண் கேட்டாள். என் மனைவிக்கு ஊர் ஞாபகம், அழுகிறாள், என்றார் மாமா.

அவள் மாமாவைப் பார்க்கவில்லை. தெரிந்த அரைகுறைப் பாஷையில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். நான் விருந்தாளி இல்லை. இந்த அறையில் இருக்கிறேன். வாடகை கொடுக்கிறேன்.

அந்தப் பெண் கைப்பேசியைத் தாழ்த்தினாள். கருணை எதுவும் அவள் முகத்தில் வரவில்லை. பல்லி விழுந்த பாலைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். என் தாளில் இரண்டு பேர்தான், இதை நான் எழுத வேண்டியிருக்கும், என்றாள். எழுதுங்கள், என்றாள் அவள். அந்தப் பெண் படியிறங்கிப் போனாள்.

பிறகு மாமா வெடித்தார். "நாசமாப் போச்சு! உனக்கு ஒண்ணுமில்ல, நீ படிச்சவ, எங்கயாவது பொழைச்சுக்குவ. அந்த நர்ஸு? அந்தப் பசங்க? உன்னால மூணு பேரு நடுத்தெருவுல நிக்கப் போறாங்க!"

"இப்பவும் நடுத்தெருவுலதான் நிக்கிறாங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க."

பையை எடுத்தாள். சான்றிதழ்கள் அதற்குள் நேற்றே போயிருந்தன. மாற்றுத் துணியும்தான். மெத்தை மாமாவுடையது, கிடக்கட்டும். அத்தையின் முன் கையை நீட்டினாள். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பல்துலக்கியைக் கொடுத்தாள்.

"எங்கடி போற?" என்றாள் அத்தை, தணிந்த குரலில்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் தூறல். சலவைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நர்ஸக்கா சுருட்டிய போர்வைமேல் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மாமா கட்டைவிரல் அனுப்பாமலா இருந்திருப்பார்? எழுப்பித்தான் கேட்க வேண்டும். எதிர் மாடியில் அந்த உதவி மையப் பலகைக்குக் கீழே விளக்கு எரிந்தது. அவள் சலவைக் கடைக் கதவைத் தள்ளினாள்.