நாற்பது கிளைக்கும் போன மிரட்டல்

என் மனைவிக்கு நாலரை மணிக்கு டிரைவிங் டெஸ்ட். காரோ என்னிடம். ஏற்கெனவே இரண்டு தடவை நான் நேரத்துக்குப் போகாமல் டெஸ்ட் தள்ளிப்போய்விட்டது. மூன்றாவது தடவையும் அதே காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், வீட்டில் பேசிவைத்தபடி மேலாளரிடம் பல் வலி என்று அளந்துவிட்டேன். "நாப்பது கிளையையும் முடிச்சிட்டு தாராளமா போங்க" என்றார் அந்த மகராசன்.

மருந்துக்கடைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. நாற்பது கடைக்கும் ஓடிக்கொண்டிருக்க முடியுமா? கட்டளைகளை என் மடிக்கணினியில் ஒரு கோப்பில் எழுதி எஸ்எஸ்ஹெச் என்ற தொலைதூர இணைப்பு வழியாக அனுப்பினால், ஒவ்வொரு கிளைக் கணினியும் வரி வரியாகப் படித்துச் செய்துவிடும். படிக்கிற வரி அத்தனையும், அதற்குக் கணினி சொல்லும் பதிலும் மேலாளர் அறைத் திரையிலும் ஓடவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஆள் சந்தேகப் பிராணி.

மூன்றே முக்காலுக்கு, முந்தின நாளே எழுதிவைத்த கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பித் தொலைத்தேன். போனில் எது வந்தாலும் நான் பார்ப்பதில்லை, இந்தக் கோப்பைத்தான் தினமும் பார்க்கிறேன் என்று கண்டுபிடித்திருந்த என் மனைவி, காலையில் அதன் அடியில் எனக்கு மூன்று வரி எழுதிவைத்திருந்தாள்.

மேலாளர் கூப்பிட்டார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். திரையில் ஓடிக்கொண்டிருந்தது:

நாலரைக்கு டெஸ்ட், ஞாபகம் இருக்கா?
இப்படி ஒரு கட்டளை கிடையாது.
பல் வலின்னு சொல்ல மறந்துடாதீங்க.
இப்படி ஒரு கட்டளை கிடையாது.
வரலைன்னா காரை உங்க மேலேயே ஏத்திப் பழகிக்குவேன்.
இப்படி ஒரு கட்டளை கிடையாது.

இது முதல் கிளை. இன்னும் முப்பத்தொன்பது இருந்தன. மனிதர் ஒன்றைக்கூட விடாமல் நிதானமாகப் படித்தார். எனக்கு மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. கடிகாரம் நாலைத் தொட்டது. இந்தத் தடவையும் அவளை நடுத்தெருவில் நிற்கவைக்கப்போகிறேன் என்று நினைத்தபோது உண்மையாகவே அழுகை வந்தது.

"நம்ம வேலை முடிஞ்சிருச்சா?"

"அது எல்லாக் கிளையிலயும் முடிஞ்சிருச்சு சார். கடைசி மூணு வரிதான்..."

"பல்லு?"

"பரவால்லை சார்." கையைக் கீழே இறக்கினேன்.

அவர் திரையை அணைத்தார்.

"நாப்பது மெஷினும் உங்க வீட்டம்மா பேச்சைக் கேக்கமாட்டேன்னுடுச்சு. நீங்களாவது கேட்டுட்டு ஓடுங்க."